செயலாளரின் ஆண்டறிக்கை: நிதிக் கச்சேரியும் மற்றவையும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தைப்பொங்கல் ஒன்றுகூடலும் நவராத்திரிப் பாட்டுப் போட்டியும் குறையில்லாமல் நடந்தன. உப்புவெளிக் கடற்கரைச் சிரமதானம் மழையோடு போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி நிதிக் கச்சேரி. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் பிள்ளைகளுக்கான கல்வி நிதிக்கு இசைக்குழு ஒன்றைப் பிடிக்கலாம் என்றுதான் பலர் சொன்னார்கள். ஆனால் கொழும்பிலிருந்து மேலைத்தேயச் செவ்வியல் பாட்டுப் பாடும் ஒரு பாடகியும் ஒரு பியானோக் கலைஞரும் சன்மானம் வாங்காமல் வர இசைந்தார்கள். இரண்டே பேருக்கு ரிக்கற் விற்குமா என்ற கேள்வி கடைசி வாரம் வரை ஓயவில்லை. விற்றது. கேட்டவர்களே கூடுதல் ரிக்கற்றுக்கு வந்து நின்றார்கள்.

பியானோதான் பெரும்பாடு. உவர்மலையில் ஓர் அங்கத்தவர் வீட்டிலிருந்து இரவல் வாங்கினோம். ஏறத்தாழ 230 கம்பிகள், பல தொன் இழுவை; அதைத் தாங்க இரும்புச் சட்டம். ஆனால் ஒலி பிறப்பது மரப்பலகையில். மாரியில் அது ஈரத்தைக் குடித்து ஊத, சுருதி ஏறும். கச்சான் காற்றில் காய, இறங்கும். போதாததற்குக் கம்பியைத் தின்ன உப்புக்காற்று. சுருதி கூட்ட வந்தவர், மண்டபத்தில் சில நாள் வைத்து ஆறவிட்ட பிறகுதான் கைவைப்பேன் என்று சொல்லிவிட்டார். மண்டப வாடகை கூடியது அதனால்தான். பொருளாளரைக் கோபிக்க வேண்டாம்.

அடுத்த தகராறு மைக். இந்த வகைப் பாட்டு மைக் இல்லாமல் பாடுவது. பாட்டு நடக்கும்போது மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார்கள். வியர்த்து ஊற்றியது, உண்மை. ஆனாலும் கடைசி வரிசைக்கும் மூச்சு எடுப்பது வரை கேட்டது.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபெர்ட்டின் பாடல்களே அதிகம். 31 வயதில் இறந்த மனிதர், 600க்கு மேல் பாடல்கள் எழுதியிருக்கிறார். ஜேர்மன் கவிஞர் கதேயின் கவிதைக்கு 1815இல், 18 வயதில், அவர் இசையமைத்த 'ஏர்ல்கோனிக்' அன்று சபையை அசைத்தது. நோயுற்ற மகனை அணைத்தபடி தந்தை இரவில் குதிரையில் விரைகிறார்; மகனை ஒரு பேயரசன் ஆசை காட்டி அழைக்கிறான். கதைசொல்லி, தந்தை, மகன், பேயரசன் நால்வரும் ஒரே குரல்தான். குளம்படியாகப் பியானோவின் வலது கை அடித்துக்கொண்டே போகிறது; அதைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. கடைசியில் குதிரை நிற்க, பிள்ளை இறந்த சேதியைப் பாடகி ஏறத்தாழப் பேச்சாகவே சொன்னார்.

பிள்ளைகளுக்கான நிதிக்குப் பிள்ளை சாகும் பாட்டா என்று ஒரு அங்கத்தவர் பிறகு கேட்டார். நியாயமான கேள்வி. செயற்குழுவிலும் அதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை. என்னைக் கேட்டால், துயரத்தை மறைத்துவிட்டு நிதி சேர்ப்பதைவிட இது நேர்மையானது. ஆனால் அடுத்த முறை பாடல்களின் தமிழ்ச் சுருக்கத்தை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுப்போம். அன்று மேடையில் வாசித்த சுருக்கம் பின்னால் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம்.

பியானோவை நம் அலுவலகத்திலேயே வைத்திருக்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். மாரிகாலத்தில் ஈரம் ஏறாதிருக்க அதன் உள்ளே ஒரு சிறு பல்ப் எரியவிட வேண்டும். அந்தக் கரண்ட் செலவுக்குச் சபையின் அனுமதி தேவை. அடுத்த கச்சேரியை ஐப்பசி மழைக்கு முன் வைக்கவும் முன்மொழிகிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்