இடிக்குமுன் குத்திப் பாருங்கள்

ஐயா,

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 'ஆபத்தான கட்டடம்' என்று அதன் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தவர்கள் உள்ளே நுழையவே இல்லை. வாசலில் நின்று விரிசலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

விரிசல் கண்ட கட்டடமெல்லாம் விழுந்துவிடுமா? அது பழைய விரிசலா, இன்னும் விரிகிறதா என்பதல்லவா கேள்வி. குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லைப் பதித்து, தேதி எழுதி, ஒரு மழைக்காலம் விட்டுப் பார்க்கலாம். சுவர் நகர்ந்தால் சில்லு உடையும். உத்திரத்தின் நடுப்பகுதி வைரம் பாய்ந்து உறுதியாக இருந்தாலும், சுவருக்குள் புதைந்த முனை ஈரத்தில் முதலில் உளுத்துவிடும். கூரிய ஆணியால் அங்கே குத்திப் பார்க்க வேண்டும். நானே குத்திப் பார்த்தேன். வடக்கு ஓரத்து உத்திரத்தில் ஆணி விரற்கடை ஆழம் இறங்கியது. மற்ற ஐந்திலும் நுனிகூட ஏறவில்லை. ஓர் உத்திரத்துக்காக மொத்தத்தையும் இடிப்பதா?

பழுதுபார்க்கிறோம் என்று சிமென்ட் மட்டும் அப்பிவிட வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், செங்கல் பொடியாக உதிரும்.

1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகால் சிதைந்து கிடந்தபோது, 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு அதைச் செப்பனிடச் செய்தார். எங்கள் களஞ்சியத்துக்கு அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை. பழங்கட்டடம் அறிந்த பொறியாளர் ஒருவரை மாவட்ட நிர்வாகம் அனுப்பி வைத்தால் போதும், ஐப்பசி மழைக்கு முன்பாக.

- வாசகர், மேலூர்