மச்சானுக்கு, கொக்குவிலில் இருந்து

கொக்குவில்
தை 2026

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். உன்ரை வீட்டாரும் அப்படியே என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். பாதி வாழ்த்து, பாதி ஏச்சு. "கன நாளா நீ அச்சடிச்சு விடுற தாளைக் காணேல்லை, அரசியல் எழுதுறதை விட்டிட்டியோ?" என்று கேட்டிருந்தாய். போனில் மறுமொழி சொல்ல வெளிக்கிட்டால் நீ இடையில் புகுந்து என்னைக் கதைக்க விடமாட்டாய். அதுதான் இந்தக் கடிதம்.

நான் விடவில்லை, வீடுதான் விடவில்லை. கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண் சரிந்து ஊரோடு போனவர்களுக்கு முன்னால் எங்கள் பாட்டைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் வந்து வடிந்தது, அவ்வளவுதான். ஆனால் மகளின் உயர்தரப் பரீட்சை நடுவிலேயே நின்றுவிட்டது. மிச்சப் பாடங்களைத் தை (ஜனவரி) 12 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். அதுவரைக்கும் என் மேசை, மேசை விளக்கு, மின்விசிறி எல்லாம் அவளுக்கு. நான் குசினித் திண்ணையில். அங்கே இருந்து அரசியல் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். "சும்மா இருக்கிறியள்தானே, இந்தத் தேங்காயைத் துருவுங்கோ" என்று குசினிக்குள் இருந்து குரல் வந்துவிடும். தாள் வராததற்குப் பாதிக் காரணம் தேங்காய்.

மற்றப் பாதியைச் சொல்கிறேன். நீ நம்பமாட்டாய், ஆனால் இந்த இடைஞ்சல்கள் எனக்கு நல்லதுதான் செய்கின்றன என்று இப்போது தோன்றுகிறது. முந்தி, ஒரு எம்.பி. காலையில் ஒன்றைச் சொன்னால் பின்னேரமே அதற்கு ஒரு பதில் எழுதினால்தான் நித்திரை வரும். இப்போது கிழமைக் கணக்கில் பிந்துகிறது. பிந்தினால் பாதி விஷயம் தானாக உதிர்ந்துபோகிறது. மிஞ்சுவதைத்தான் எழுதவேண்டும்.

போன வருஷம் மாசி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க ஒரேயடியாகக் கரண்ட் போனதே. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். சனம் சிரித்துச் சிரித்து அழுதது. எனக்கும் குரங்குப் பகிடி ஒன்று கைவசம் இருந்தது. லப்டொப்பில் பற்றரி இல்லை. அடுத்த இரண்டு நாளும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இயங்காமல் முறைவைத்து ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள். நான் எழுத உட்காரும்போது பகிடி பழசாகிவிட்டது, கேள்வி மட்டும் நின்றது: ஒரு இடத்துப் பழுது எப்படி ஒரு தீவையே இருட்டாக்கியது? ஞாயிற்றுக்கிழமை பகலில் தொழிற்சாலைகள் மூடி, பாவனை குறைவு. கூரைச் சோலரில் இருந்து வருவது கூட. பெரிய சுழலிகள் கொஞ்சம்தான் ஓடும். அந்த நேரத்தில் ஒரு சின்ன ஆட்டத்தைக்கூட வலையமைப்பு தாங்காது. இதை விளங்கி எழுதி வைத்திருந்தேன். சித்திரை வருஷப் பிறப்பு விடுமுறைக்குக் கூரைச் சோலரைப் பகலில் நிற்பாட்டி வைக்கச் சொல்லி அறிவித்தபோது, எங்கள் ஒழுங்கையில் கடன்பட்டு சோலர் பூட்டிய ஒருத்தர் அந்தத் தாளோடு வந்து, "உது உண்மையோ?" என்று கேட்டார். குரங்குப் பகிடிக்கு அப்படி ஒருத்தரும் வந்திருக்கமாட்டார்.

வர்த்தமானிக் கதைக்கு வருகிறேன். இதை உனக்கு விபரமாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

2025 பங்குனி 28 இல் ஒரு வர்த்தமானி, அதுதான் அரசாங்க அறிவித்தல் இதழ், இலக்கம் 2430. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. இந்தக் காணிகளுக்கு உரித்து உள்ளவர்கள் 3 மாதத்துக்குள் வந்து உரிமை கோரவேண்டும், கோராவிட்டால் அரச காணி. இவ்வளவுதான் விஷயம். அப்போது இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமோ? வைகாசி 6 இல் உள்ளூராட்சித் தேர்தல். 2023 பங்குனியில் நடக்கவேண்டியது, காசில்லை என்று தள்ளிப்போட்டு, அப்படித் தள்ளியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆவணியில் சொல்லி, ஒருமாதிரி வந்து சேர்ந்த தேர்தல். மதில் முழுக்க முகங்கள். 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் 6 ஆசனத்தில் 3 ஐத் தேசிய மக்கள் சக்தி கொண்டுபோனது ஏன் என்ற பட்டிமன்றம் அப்போதும் முடிந்தபாடில்லை. ஆர் ஆரோடு கூட்டு, ஆர் ஆருக்குத் துரோகி என்பதுதான் கதை. வர்த்தமானியைச் சீண்ட ஆள் இல்லை.

நானும் தானாகத் தேடிப் போகவில்லை. சித்திரையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தா. இரவில் நான் துணைக்கு. பக்கத்துக் கட்டிலில் வடமராட்சி கிழக்கு ஆச்சி ஒருத்தி. அவவின் பேரன் போனில் எதையோ காட்டி, "இதிலை எங்கடை காணியும் வருமோ எண்டு பாருங்கோ அண்ணை" என்று தந்தான். நில அளவைத் துண்டு இலக்கங்கள் வரிசை வரிசையாக. ஆச்சி கட்டிலில் கிடந்தபடியே எல்லை சொன்னா: கிழக்கே கடல், வடக்கே தமக்கையின் வளவு, மேற்கே பனங்கூடல். காணி உறுதிப் பத்திரம் எங்கே ஆச்சி என்றால், 2004 மார்கழிக் கடலோடு போச்சு என்கிறா. அதற்குப் பிறகு எடுத்த பிரதி 2009 இல் போச்சு. அவவுக்கு 3 மாதம். மகன் ஒருத்தன் இந்தியாவில் முகாமில், மற்றவன் பிரான்ஸில். அவர்களுக்கும் அதே 3 மாதம்.

அந்த வாட்டில் இருந்துதான் மச்சான், அந்த இதழ் முழுவதையும் எழுதினேன். தேர்தலைப் பற்றி ஒரு வரி இல்லை. உரிமை கோரல் என்றால் என்ன, ஆருக்கு எழுதுவது, உறுதி இல்லாதவர் வேறு எதைக் காட்டலாம், பழைய வரி ரசீது, தோம்பு என்கிற பழைய காணிப் பதிவேட்டின் பிரதி, அயலவரின் சத்தியக் கடதாசி. சட்டத்தரணி ஒருவரிடம் இரண்டு முறை காட்டித் திருத்தினேன். அச்சகத்தில் கரண்ட் இல்லாத நாளில் போட்டோக் கொப்பிக் கடை ஜெனரேற்றரில் அடித்தோம். தமிழ்க் கட்சிகளும் வாய் திறந்தன. அதையும் சொல்லத்தான் வேணும். தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் உயர் நீதிமன்றம் போனார். ஆனி 27 இல் இடைக்காலத் தடை வந்தது. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது! பிறகு அரசாங்கமே வர்த்தமானியை மீளப் பெற்றது. என் தாளால் ஒன்றும் மாறவில்லை, வழக்கால் மாறியது. ஆனால் அந்த இடைப்பட்ட கிழமைகளில் ஆட்கள் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய உறுதிகளோடு எங்கள் கேற்றைத் தட்டினார்களே, அதைப் போல ஒரு மரியாதை என் ஒரு அரசியல் ஆய்வுக்கும் இத்தனை வருஷத்தில் கிடைத்ததில்லை.

"பெரிய விஷயத்தை எழுது, சமஷ்டியை எழுது, ஜெனீவாவை எழுது" என்கிறாய். ஜெனீவாவை எழுதினேன். ஐப்பசி 6 இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய 60/1 தீர்மானம் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறியது என்று நாலு வரி. வேறு என்ன எழுத? கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் உனக்கு அது தலைப்புச் செய்தி. இங்கே மாகாண சபைக்கு 2013 இல் வாக்குப் போட்டவன் அதற்குப் பிறகு போடவே இல்லை. சபையின் காலம் 2018 இல் முடிந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் 3 வருஷத்துக்கு என்று வந்து, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஒவ்வொரு அரசாங்கமும் நீக்குவோம் என்கிறது, ஒரு வரைவைக் காட்டுகிறது. நான் இப்போது செய்வது இதைத்தான்: சொன்ன திகதி, வந்த திகதி, வராத திகதி. ஒரு கொப்பியில் எழுதி வைத்துத் திரும்பத் திரும்ப அச்சடிக்கிறேன். அலுப்பான வேலை. வாசிக்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். பரவாயில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். சிவில் உடையில் இரண்டு பேர் ஒருக்கால் வந்து, ஆர், என்ன, எங்கே அடிக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பண்பாகத்தான் கதைத்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள். அம்மாவுக்குத்தான் அன்றிரவு பிரஷர் ஏறிவிட்டது.

செம்மணி மனிதப் புதைகுழியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று நீ கேட்காமல் விட்டதற்கு நன்றி. சித்துப்பாத்தி மயானத்தில் 200 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். மாணவி கிருஷாந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினன் சோமரத்ன ராஜபக்ச 1998 இல் நீதிமன்றத்தில் சொன்ன இடம். 1999 இல் 15 உடல்களோடு தோண்டல் நின்றது. ஆவணி 5 இல் எடுத்த பொருட்களை அடையாளம் காட்டச் சனத்துக்குத் திறந்தார்கள். போனேன். பள்ளிக்கூடப் பை, சின்னப் பிள்ளையின் செருப்பு, போத்தல். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒவ்வொன்றையும் பார்த்து, "இது இல்லை, இது இல்லை" என்று சொல்லிக்கொண்டே போனா. இல்லை என்பது அவவுக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்கு விளங்கவில்லை. திகதிகளை மட்டும் கொப்பியில் குறித்தேன். அது எழுதக்கூடியதாக வரும்போது வரட்டும்.

பகிடி என்னவென்றால், இந்தப் பிந்தல் எங்களுக்குப் புதிசும் இல்லை. 93 இல் நாங்கள் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தியபோது எந்தச் செய்தி அன்றைக்கே வந்தது? பேப்பரே கோடு போட்ட கொப்பித் தாளில்தான் வந்தது. நீ சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற, றேடியோ சொல்வதை நான் ஜாம் போத்தல் விளக்கில் எழுதுவேன். உனக்குக் கை உளைந்தால் லண்டன் செய்தி பாதியில் நிற்கும். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது கொழும்பே கொதித்தது. எங்கள் பக்கத்து வீட்டு ஐயா பரணில் இருந்து பழைய போத்தலை எடுத்துத் துடைத்தார். கோபம் இல்லாமலில்லை, பழக்கம். இந்தப் பழக்கத்தை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

உன்ரை விஷயம் ஒன்று இருக்கிறது. இராணுவ வலயத்துக்குள் மூடிக் கிடந்த வசாவிளான் – பலாலி வீதியைப் போன சித்திரை 10 இல் திறந்தார்கள், 35 வருஷத்துக்குப் பிறகு. நான் மோட்டார் சைக்கிளில் ஒருக்கால் போய் வந்தேன். இறங்கக்கூடாது, நடக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, 40 க்கு மேல் ஓடவும் கூடாது. பின்னேரம் 5 மணியோடு மூடிவிடுவார்கள். உங்கள் ஒழுங்கை என்று நான் நினைத்த இடத்தில் பற்றைதான். கோயில் மடத்துச் சுவர் ஒன்று நிற்கிறது, அது உங்கள் பக்கத்ததா என்று கொப்பாவிடம் கேள். 90 ஆனியில் நீங்கள் இடம்பெயர்ந்து எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தபோது கொப்பா ஒரு தகரப் பெட்டியை மட்டும் இறக்கவிடவில்லை, நினைவிருக்கோ? அதற்குள் உறுதி இருந்ததாக அம்மா சொல்கிறா.

அது இப்போதும் ஸ்காபரோவில் இருக்கிறதா என்று பார். இருந்தால் எல்லாப் பக்கத்தையும், பின்பக்கத்து முத்திரையோடு, படம் எடுத்து அனுப்பு. நில அளவைப் படம் வேறாக இருந்தால் அதையும். இல்லாவிட்டால் உறுதி முடித்த நொத்தாரிசின் பேரும் வருஷமும் போதும், இங்கே காணிக் கந்தோரில் பிரதி எடுக்கலாம். கொப்பா நடமாடும்போதே உன் பேரிலோ தங்கச்சி பேரிலோ அற்றோணிப் பத்திரம் எழுதுவித்துவிடு. கொன்சியூலேற்றில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பவேண்டும். அடுத்த வர்த்தமானி எப்போது வரும் என்று ஒருத்தருக்கும் தெரியாது, வந்தால் 3 மாதம்தான்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பைச் சொல்லு. மகளின் பெறுபேறு வந்ததும் எடுக்கிறேன். மேசை திரும்பக் கிடைத்துவிட்டது, தாள் மாசியில் வரும்.

அன்புடன்
உன்ரை மச்சான்