கோட்டைச் சுவரைக் கரைத்த பிரைமரும் அளவு மாறி வந்த சிப்பாய்களும்: ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
காந்தி நகர், காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
மாடல் பொருட்கள் இணைய விற்பனைப் பிரிவு, பெங்களூரு.

நாள்: 02.06.2025

பொருள்: சொன்னதற்கு மாறான பொருட்களை அனுப்பியதும், பணத்தைத் திருப்பித் தர மறுத்ததும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மே மாதம் உங்கள் தளத்தில் இரண்டு வகைப் பொருட்கள் வாங்கினேன். 28 மி.மீ. அளவில் நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படை பொம்மைச் சிப்பாய்கள் இரண்டு பெட்டி, 6,800 ரூபாய். பெயின்ட்டுக்கு முன் அடிக்கிற சாம்பல் நிற ஸ்ப்ரே பிரைமர் இரண்டு டப்பா, 1,580 ரூபாய். கூரியருக்கு 220. மொத்தம் 8,600 ரூபாய். பணம் போனதில் ஒரு குறையும் இல்லை, உடனே போய்விட்டது. வந்த பொருட்களில்தான் குறை. காலாட்படை என்று வந்தது அதைவிடச் சிறிய 1/72 அளவு, அதாவது நிஜ ஆளின் 72இல் ஒரு பங்கு. பிரைமர் என்று வந்தது ஃபோமைத் தின்கிறது.

இதை உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ‘சின்ன அளவு வித்தியாசம்தானே சார், பசங்க விளையாட இது தாராளம்’ என்று பதில் வந்தது. கடிதம் நீளமாக இருப்பதற்கு அந்தப் பதில்தான் காரணம். விஷயம் என்னவென்று தெரிந்த ஒருவராவது உங்கள் அலுவலகத்தில் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

விளையாட்டு என்று சொன்னதில் எனக்குக் கோபமில்லை, விளையாட்டுதான். ஆறடிக்கு நாலடி மேசை, அதன்மேல் நாமே செய்த மலை, சுவர், வீடு. இரண்டு பக்கமும் வண்ணம் பூசிய சிப்பாய்கள். அளவுகோல் வைத்து இத்தனை அங்குலம் என்று நகர்த்துவோம், பகடை உருட்டி யார் விழுந்தார் என்று பார்ப்போம். இந்த ஆளின் கண்ணுக்கு அந்த ஆள் தெரிகிறானா, நடுவில் சுவர் மறைக்கிறதா என்பதில் பாதி ஆட்டம் அடங்கியிருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். எங்கள் தெருவில் இதை வருஷம் முழுக்க வைக்கிற கொலு என்கிறார்கள். நவராத்திரிக்குக் கடுகு முளைக்கவிட்டுப் பார்க் அமைத்த வீடுகளுக்கு இது உடனே புரிந்துவிடும்.

இந்த வருஷம் எங்கள் மேசையில் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10, விடியுமுன் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தது முதல், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி 19ஆம் லைட் டிராகூன் குதிரைப்படையோடு வந்து சேர்ந்தது வரை. பாரக்ஸில் செத்தவர்கள் போக பிரிட்டிஷாரின் 69ஆம் ரெஜிமென்ட்டில் மிஞ்சியவர்கள் மதில்மேல் ஒதுங்கித் தாக்குப்பிடித்தார்கள். கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து அந்த மதில்மேல் ஏறினார். பின்னால் வந்த பீரங்கி வாசல் கதவை உடைத்த பிறகு நடந்தது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேலூர் மக்கான் பகுதி அருகே அதற்கு நினைவுத் தூண் நிற்கிறது. ஜூலை 10 அன்று மேசையை விரித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆடிக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தோம். உங்களிடம் ஆர்டர் போட்டது அதற்காகத்தான்.

முதலில் பிரைமர். அதுதான் பெரிய நஷ்டம்.

மதிலை எக்ஸ்பிஎஸ் ஃபோமில் செய்திருந்தேன். தெர்மகோலும் இதுவும் ஒன்று என்று உங்கள் ஆள் நினைத்துக்கொண்டு பேசினார். இரண்டும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் தெர்மகோலை அறுத்தால் முத்து முத்தாக உதிரும். எக்ஸ்பிஎஸ் அப்படி உதிராது. கட்டடங்களில் வெப்பம் இறங்காமல் இருக்கப் போடுகிற நெருக்கமான ஷீட் அது, கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போகும். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒவ்வொரு கல்லாகக் கோடு இழுக்க வேண்டும். பிறகு அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டினால் கருங்கல்லின் சொரசொரப்பு அப்படியே பதியும். நம் கோட்டை மதிலில் வட்டக் கொத்தளமும் சதுரக் கொத்தளமும் ஒரே சீரான இடைவெளியில் வராது, அதனால் ஒன்றைச் செய்து அச்சுப்போல மற்றதை எடுக்க முடியாது. கோட்டைக்கே போய்ப் படம் எடுத்து வந்து, அதைப் பார்த்துப் பார்த்து வெட்டியது. மதில் உச்சியில் வரிசையாக நிற்கும் வளைந்த பல்லுக்கு மட்டும் எத்தனை மாலைகள் போயின என்பதை வீட்டில் கேட்டால் சொல்வார்கள், நான் சொல்லவில்லை.

சாதாரண ஸ்ப்ரேயில் இருக்கும் ஆசிட்டோன், சைலீன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். இது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வழக்கமாக ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக்கைக் கலந்து பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுத்துவிட்டுத்தான் ஸ்ப்ரே பக்கம் போவோம். உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருந்த வாசகம் இது: ‘தண்ணீர் அடிப்படையிலானது. ஃபோம், தெர்மகோல் மீது நேரடியாக அடிக்கலாம். முன்பூச்சு தேவையில்லை.’ இந்த மூன்று வரிக்காகத்தான் கடையில் கிடைக்கும் டப்பாவைப்போல இரண்டு மடங்கு விலை கொடுத்தேன்.

ஒரு அடி தள்ளிப் பிடித்து அடித்தேன். முதலில் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல லேசான சத்தம். கல்லுக்குக் கல் இழுத்த கோடுகள் நிரம்பி மறைந்தன. பல் வரிசை ஒவ்வொன்றாகச் சுருங்கிக் கீழே இறங்கியது. வட்டக் கொத்தளத்தின் ஒரு பக்கம் குழி விழுந்து, உள்ளே பளபளவென்று நூல் நூலாக இழுபட்டது. துடைக்கப் போனால் துணியோடு வந்தது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்துப் பொடி எழுத்தில் ஆசிட்டோன், சைலீன், எளிதில் தீப்பற்றும் என்று மூன்றும் இருக்கின்றன. தண்ணீர் என்ற சொல்லே இல்லை. திறக்காத இரண்டாவது டப்பாவை மீதித் துண்டு ஒன்றின் மேல் அடித்து வீடியோ எடுத்திருக்கிறேன். அதுவும் அதே கதைதான்.

இதற்கு உங்களிடமிருந்து வந்த விளக்கங்களில் ஒன்று, பிளாஸ்டிக் பொம்மைக்கு ஒத்துக்கொள்கிற பிரைமர் ஃபோமுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது. கெட்டியான பிளாஸ்டிக் பொம்மையில் மேல்தோல் மட்டும் கொஞ்சம் இளகி, பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், அதோடு முடிந்தது. ஃபோமில் முக்கால்வாசிக்கு மேல் காற்றுதான். காற்றுக் குமிழ்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் தாளைவிட மெல்லியது. அது இளகினால் மொத்தமும் இளகியதாகிவிடும். இன்னொரு விளக்கம் அதைவிடப் பிரமாதம்: ‘உங்கள் ஊர் வெயில் காரணமாக இருக்கலாம்.’ வேலூர் வெயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாலிஸ்டைரீன் இளக வேண்டுமானால் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போக வேண்டும். அவ்வளவு வெயில் காட்பாடியில் அடித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அதே ஷீட்டின் மிச்சம் மே மாதம் முழுக்க மொட்டைமாடியில் கிடந்தது. நிறம் கொஞ்சம் மங்கியதோடு சரி.

அடுத்தது சிப்பாய்கள். 28 மி.மீ. என்பது தோராயமாக 1/56. உங்கள் ஆள் சொல்கிற சின்ன வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 170 செ.மீ. உயரமுள்ள ஆள் 1/56இல் சுமார் 30 மி.மீ. நிற்பான். 1/72இல் 24 மி.மீ.கூட வரமாட்டான். மதிலின் மறைப்புச் சுவரை 20 மி.மீ. உயரத்தில் வைத்திருக்கிறேன், என் பழைய சிப்பாய்களுக்கு அது மார்பளவு. அவர்கள் துப்பாக்கியை அதன்மேல் சாய்த்துச் சுடலாம். நீங்கள் அனுப்பியவர்களை அங்கே நிறுத்தினால் சுவர் தாடைக்கு வந்துவிடுகிறது. ரெஜிமென்ட்டையே முட்டியிட்டு நிற்கவைத்ததுபோல இருக்கிறது. கண்ணுக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்கிற ஆட்டத்தில் இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆட்டமே நடக்காது.

பொருளும் வேறு. விற்பனைப் பக்கத்தில் கெட்டியான பாலிஸ்டைரீன், பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி ஒட்டும் வகை என்று போட்டிருந்தீர்கள். வந்தது வளைகிற மிருதுவான பிளாஸ்டிக். துப்பாக்கி முனையைப் பிடித்து வளைத்தால் ரப்பர்போலத் திரும்புகிறது. இதில் பசை சரியாகப் பிடிக்காது, பூசிய பெயின்ட் வளைந்த இடத்தில் உரிந்துகொண்டு வரும். எனக்கோ தலையை வெட்டி வேறு தலை வைக்கிற வேலை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் பெட்டியாகக் கிடைப்பது அரிது. அதனால் பிரிட்டிஷ் உடம்பை எடுத்து, எம்-சீல் ஒட்டுமாவைப் பிசைந்து தலைப்பாகை கட்டிவிடுவோம். அந்தத் தலைப்பாகைக்காகத்தானே 1806இல் ரத்தம் ஓடியது! தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவில் தொடங்கிய கலவரம். அதைத் தப்பாகச் செய்துவிட்டு மக்கான் தூணைத் தாண்டி வீட்டுக்குப் போக எங்களுக்கு முகம் இருக்காது. எம்-சீல் இந்த மிருதுப் பிளாஸ்டிக்கில் ஒட்டவில்லை. காய்ந்ததும் தொப்பிபோலத் தனியே கழன்று விழுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பெட்டியின் அட்டையில் தயாரிப்பாளரே 1/72 என்று தெளிவாக அச்சடித்திருக்கிறார். அதை மறைத்து ‘28 மி.மீ.’ என்று உங்கள் கிடங்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஒரு பெட்டியில் ஸ்டிக்கரின் மூலை தானாக எழும்பியிருந்ததால் தெரிந்தது. இதற்குப் பெயர் சின்ன வித்தியாசமா?

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பெட்டி திறக்கும்போது எடுத்த வீடியோ இல்லை, பொழுதுபோக்குப் பொருட்களுக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறீர்கள். உங்கள் ஸ்டிக்கரின் கீழே இருப்பதைக் காட்ட நான் எதற்கு வீடியோ எடுக்க வேண்டும்? நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. நுகர்வோர் ஆணையம் வேலூரிலேயே இருக்கிறது, பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டிய அவசியம் எனக்கில்லை. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் சொல்லிவைப்பேன்.

நான் கேட்பது அதிகமில்லை. 8,600 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கரைந்துபோன ஃபோம் ஷீட்டுகளின் விலை 1,900 ரூபாய், அதற்கு ரசீது இருக்கிறது, அதையும் தர வேண்டும். என் உழைப்புக்கு விலை போடவில்லை, போட்டால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். மேசையில் மற்றதெல்லாம் இந்த ஊரிலேயே கிடைத்துவிடுகிறது: தரைக்குப் பாலாற்று மணல் இரண்டு கை, இடிபாட்டுக்கு ஆம்பூர்ச் செருப்புக் கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட ஈவிஏ (செருப்பு அடிப்பாக ஃபோம்) துண்டுகள், புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981இல் திரும்பி வந்துவிட்டார். மற்றவை மேசைக்கு நிலப்பரப்பு (டெரெய்ன்) செய்கிறவனுக்கு லாபம்தான், பிளாஸ்டிக் மரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஃபோமும் சிப்பாய்களும் மட்டும்தான் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கிறது. நீங்கள் கெடுத்ததும் அந்த இரண்டைத்தான்.

அப்புறம், அந்த விற்பனைப் பக்கத்தைத் திருத்துங்கள். பிரைமர் பக்கத்தில் ஃபோமில் அடிக்கலாம் என்ற வரி இன்று காலைவரை அப்படியேதான் இருந்தது. கொலுவுக்கோ பள்ளிக்கூடப் புராஜெக்ட்டுக்கோ தெர்மகோலில் கோயில் கட்டுகிற யாராவது அதை நம்பி வாங்கி, பூட்டிய அறைக்குள் அடித்தால் பொருள் போவதோடு நிற்காது. ஆசிட்டோன் ஆவி, பக்கத்தில் விளக்கு, யோசித்துப் பாருங்கள். பணம் வர நாளானாலும் பரவாயில்லை, அந்த வரியை இன்றைக்கே எடுங்கள்.

பணத்துக்குப் பதிலாக உண்மையான 28 மி.மீ. பெட்டிகளே உங்களிடம் இருந்தால், ஜூன் 20க்குள் வந்து சேருமானால் அந்த 6,800க்கு அதையும் ஏற்றுக்கொள்வேன். பெயின்ட் பூச நாள் வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், ஸ்டிக்கர் எழும்பிய பெட்டியின் படம், சிப்பாய்கள் அளவுகோலோடு நிற்கும் படம், பிரைமர் வீடியோ, உங்கள் சேவைப் பிரிவின் பதில்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். பொருட்களை எடுக்கக் கூரியர் ஆளை அனுப்பினால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள், பகலில் வீட்டில் ஆள் இருக்காது. சிப்பாய்ப் பெட்டிகளையும் பிரைமர் டப்பாக்களையும் கொடுத்துவிடுவேன். கரைந்த கொத்தளம் மட்டும் என்னிடமே இருக்கும், ஆணையத்தில் காட்ட வேண்டி வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி.