ஹாஷுக்குப் பின்னால் இருக்கும் வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெலிவரிப் பையன்கள் வீடு தெரியாமல் போன் மேல் போன் போட்டு உயிரை எடுக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் பெங்களூரில் இருக்க முடியாது. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். போன மாதம் கட்சி மாறிவிட்டேன். நான் அல்சூர்க்காரி. பதினைந்து வருஷமாக மொபைல் செயலி எழுதுவதுதான் பிழைப்பு. அதனால் இது என் சொந்த ஆட்கள் மேல் நானே வைக்கும் புகார்.

அம்மாவுக்கு இன்சுலின் ஒரு மருந்துச் செயலி மூலமாக வரும். அன்று சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போன். தருமபுரிப் பக்கத்துப் பேச்சு. "அக்கா, உங்க வாசல்லதான் நிக்கிறேன், கேட்டைத் திறங்க." நான் வாசலில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன், தெருவில் ஈ காக்காய் இல்லை. "எதிர்ல என்னப்பா தெரியுது?" என்றேன். "முருகன்னு போர்டு போட்டு ஒரு மளிகைக் கடை இருக்குக்கா." விசாரித்தால் அவன் நிற்பது விவேக் நகர். எங்கள் வீட்டுக்கு அப்பா வைத்த பெயர் முருகன் இல்லம்.

அம்மா போனைப் பிடுங்கி, "ஏரிக்கரை வள்ளுவர் சிலைக்கு வந்துடு தம்பி, அங்கேருந்து சொல்றேன்" என்றாள். 2009-ல் சிலையைத் திறந்ததிலிருந்து யாருக்கு வழி சொன்னாலும் அவள் அங்கிருந்துதான் தொடங்குவாள். முக்கால் மணி கழித்து வந்து சேர்ந்தான். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்கவேண்டிய மருந்து. கூட வைத்திருந்த ஐஸ் பேக் வெறும் தண்ணீர்ப் பை ஆகியிருந்தது.

திட்ட வாய் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, போனைக் காட்டச் சொன்னேன். வழிகாட்டும் பொத்தானை அழுத்தினான். போனின் மேப் திறந்தது. மேலே தேடல் கட்டத்தில் இரண்டே சொல்: முருகன் இல்லம். கதவு எண், மெயின் ரோடு, கிராஸ் தெரு, அல்சூர் எதையும் காணோம்.

பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நம் ஊர் வழக்கப்படி விலாசத்தை 'முருகன் இல்லம், #24' என்று தொடங்கி எழுதியிருந்தேன். ஒரு செயலி போனில் இருக்கும் மேப்பைத் திறப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு லிங்க்கை நீட்டுகிறோம், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் அது 'ஜியோ' (geo) என்று ஆரம்பிக்கும்; ஐபோனில் ஆப்பிள் மேப்ஸ் முகவரி. அந்த லிங்க்கில் ஹாஷ் (#) குறி வந்தால், தேடச் சொல்லும் கேள்வி அங்கேயே முடிந்தது, மிச்சம் வெறும் ஒட்டு என்று கணக்கு. மேப் ஹாஷுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு தேடியிருக்கிறது. விலாசத்தை அப்படியே ஒட்டாமல் என்கோட் செய்திருந்தால், அதாவது இந்த மாதிரிக் குறிகளைச் சங்கேதமாக மாற்றியிருந்தால், # என்பது %23 ஆக மாறி, முழு விலாசமும் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு வரி வேலை. அமெரிக்காவில் இருந்து எழுதியவர் என்றால் மன்னிக்கலாம். இந்த ஊரில் பாதி கேட்டில் ஹாஷ் போட்டுத்தான் நம்பர் எழுதியிருக்கிறது!

சரி, முழு விலாசம் போயிருந்தால் மட்டும் வந்திருப்பானா? அதுவும் சந்தேகம்தான். மூன்றாவது கிராஸ் இல்லாத லேஅவுட் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? மெயின், கிராஸ், பிளாக், ஸ்டேஜ் என்று எண்களாலேயே கட்டிய ஊர். இத்தனைக்கும் ஆர்டர் போடும்போது அதே செயலி என்னை மேப்பில் பின்னை நகர்த்தி வீட்டு வாசலில் வைக்கச் சொன்னது, வைத்தேன். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் அவர்களிடம் இருக்கின்றன. தசமப் புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீட்டர் கணக்கில் இடம் சொல்லிவிடலாம். அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு எழுத்தை அனுப்பியிருக்கிறார்கள். என் புகாரே இதுதான்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. முன்பு ஒரு லாரி புக்கிங் செயலியில் நானே அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி அனுப்பியிருக்கிறேன். எங்கள் சர்வர் ஜியோஜேசான் என்னும் இடத்தரவு முறையில் தீர்க்கரேகையை முதலில் கொடுக்கும்; போனின் மேப்புக்கு அட்சரேகை முதலில் வேண்டும். பெங்களூர் சுமார் 12.97, 77.59. திருப்பிப் போட்டால் 77.59, 12.97. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடல்! "ஏம்மா, நம்ம வண்டி ஐஸ் ஏத்தப் போகுதா?" என்று முதலாளி கேட்டார். அதைத் திருத்திய பிறகு இன்னொரு கூத்து. ஆண்ட்ராய்டில் 'ஜியோ'வுக்குப் பின்னால் எண்களை மட்டும் கொடுத்தால் கூகுள் மேப் அந்தப் பேட்டையைத் திறந்து காட்டுமே தவிர பின் குத்தாது. டிரைவர் திறந்து பார்த்தால் தெருக்கள் மட்டும் தெரியும். அதே எண்களை லிங்க்கின் கேள்விப் பகுதியில் வைத்து, அடைப்புக்குறிக்குள் வீட்டுப் பெயரையும் போட்டால்தான் பெயரோடு பின் வரும்.

இன்னொன்று. கூகுள் மேப்பில் இருசக்கர வண்டிக்கென்று தனி வழி 2017 டிசம்பரில் முதலில் நம் நாட்டுக்குத்தான் வந்தது. கூகுள் வழிகாட்டலை நேராகத் திறக்கும் லிங்க்கில் அதற்கு ஓர் ஆங்கில எழுத்து, சின்ன 'எல்', சேர்த்தால் போதும். அந்தப் பையனின் போனில் ஸ்கூட்டர்காரனுக்குக் கார் போகும் வழிதான் வந்துகொண்டிருந்தது.

செயலிக்குள்ளேயே சொந்தமாக ஒரு மேப் வைத்துவிட்டால் தீராதா என்று எங்கள் ஆபீஸிலும் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். போனின் மேப்பில் அந்தப் பையன் தமிழில் வழி சொல்லும் குரலை வைத்திருக்கிறான். சிக்னல் போனாலும் காட்ட ஊரை டவுன்லோடு செய்து வைத்திருக்கிறான். அதைப் பறித்துக்கொண்டு நம் பொம்மை மேப்பைக் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

மருந்துக் கம்பெனிக்கு இதையெல்லாம் விவரமாக எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு நொடியில் பதில் வந்தது. மனிதர் யாரும் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் திருத்தும்வரை வாசகர்கள் செயலியில் கொடுத்திருக்கும் விலாசத்தில் ஹாஷை எடுத்துவிட்டு 'நம்பர்' என்றே எழுதிவையுங்கள். நானும் மாற்றிவிட்டேன். வீட்டு கேட்டில் அப்பா பெயின்டால் எழுதிய #24-ஐத் தொட அம்மா விடமாட்டேன் என்கிறாள். அது அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகி,
பெங்களூர்