அந்த மூன்று பெண்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது மடல். முதல் இரண்டும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் சீட்டு என்னிடம் இருக்கிறது. அதனால் எந்தப் பார்லர், எந்தத் தெரு என்றெல்லாம் திரும்ப எழுதவில்லை. இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். கேட்பது அதே ஒன்றுதான். ஆடி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கையோடு உட்கார்ந்து முகத்துக்கு பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஏற்றும் அழகு சிகிச்சை) செய்துகொண்ட மூன்று பெண்களையும் கண்டுபிடித்துப் பரிசோதனைக்குக் கூப்பிடுங்கள்.

நான் 19 வருஷமாக லேப் டெக்னீஷியன். பி.ஆர்.பி. எனக்குப் புதிதல்ல. ரத்தத்தை எடுத்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் சிவப்பணு அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) செறிந்த பகுதியைப் பிரித்து முகத்தில் ஊசியால் ஏற்றுவார்கள். இல்லையென்றால் நுண்ணூசியால் தோலைக் குத்திவிட்டு மேலே தடவுவார்கள். தோல் மருத்துவர் ஒழுங்காகச் செய்தால் பருத் தழும்பு ஓரளவு மங்கும், மறுக்கவில்லை. அவரவர் ரத்தம் அவரவருக்கே போவதால் ஒவ்வாமை பயமும் குறைவு. இந்தச் சிகிச்சையின் மொத்தப் பாதுகாப்பும் அந்த ‘அவரவர்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

பார்லர்காரர்கள் விளம்பரத்துக்கு எடுத்த வீடியோவைத் தங்கை ஆறாம் நாள்தான் என்னிடம் காட்டினாள். “மூஞ்சி பளபளன்னு இருக்காக்கா?” என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் மேசையில் திறந்து கிடந்த சென்ட்ரிஃப்யூஜைப் பார்த்தேன். நான்கு குழாய்கள். நான்கும் ஊதா மூடி, ரத்த அணு எண்ணிக்கைக்கு நாங்கள் எடுப்பது. ஒன்றில்கூடப் பெயர் இல்லை. ஸ்டிக்கர் இல்லை, பேனாக் கிறுக்கல்கூட இல்லை. நாற்காலிகளில் நான்கு பெண்கள். யார் ரத்தம் யார் முகத்துக்குப் போனதோ, யாருடைய தொற்று யாருக்குப் போனதோ.

எங்கள் லேபில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறவரிடமே இரண்டு முறை பெயர் கேட்டு, அவர் கண்முன்னே குழாயில் ஒட்டுகிறோம். அந்த ரத்தம் யார் முகத்துக்கும் திரும்பப் போவதில்லை.

ஆறாம் நாள் என்றால் என்ன என்று மருத்துவரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியை மட்டும் அன்றே ஓடிப்போய்ப் போட்டோம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) எடுத்த முதல் பரிசோதனை நெகட்டிவ். ஆறாம் வாரமும் நெகட்டிவ். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் இன்னும் பாக்கி.

இதற்கிடையே தங்கை தன் நகவெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். ஐந்து வயது மகனுக்குத் தனியாக ஒன்று வாங்கி, மாறிவிடக்கூடாதென்று அதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். “எச்.ஐ.வி. இப்படியெல்லாம் ஒட்டாதுடி” என்று சொல்லித் தேற்றிவிடலாம். ஹெபடைடிஸ் பி-க்கும் அப்படிச் சொல்ல என் படிப்பு விடமாட்டேன் என்கிறது. சாப்பிடும்போது அவள் என் முகத்தையே பார்ப்பாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

அவளுக்காவது லேபில் வேலை பார்க்கும் அக்கா இருக்கிறாள். வீடியோவில் ஓரத்து நாற்காலிப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த புதுப்பெண்ணாக இருக்கலாம். இந்நேரம் கணவர் வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். அவளிடம் யார் சொல்வது?

வீண் பயம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். 2018-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகெர்க்கி நகரில், உரிமமில்லாத ஒரு ஸ்பா இதே வேலையைச் செய்தது. சோதனையிடப் போன அதிகாரிகள் சமையலறை மேடையில் பெயர் எழுதாத ரத்தக் குழாய்களையும், குளிர்பெட்டியில் சாப்பாட்டோடு சேர்த்து வைத்த ரத்தத்தையும் பார்த்தார்கள். அங்கே முகச் சிகிச்சை செய்துகொண்ட மூன்று பெண்களுக்கு அதன் வழியாகவே எச்.ஐ.வி. வந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் எழுதியது. ஒரு வாடிக்கையாளருக்குத் தொற்று இருப்பது 2023-இல்தான் தெரிந்தது. ஐந்து வருஷம் கழித்து! இத்தனைக்கும் அங்கே 2018-லேயே அரசு ஸ்பாவை மூடவைத்து, போய்வந்தவர்களை இலவசப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அறிவித்தது. இங்கே எனக்குக் கிடைத்த பதில், “பியூட்டி பார்லர் எங்கள் வரம்பில் வராது, மாநகராட்சியைப் பாருங்கள்.” மாநகராட்சியில், “ரத்தம் எடுத்தார்களா? அப்போ மருத்துவத் துறைதான்.” இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கேதான் இந்தப் புகார் வரம்புக்குள் வரும் போலிருக்கிறது.

1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி எங்கள் சின்ன லேப்கூடப் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஊசிக் கழிவுக்குத் தனி டப்பா, பஞ்சுக்கு மஞ்சள் பை. அந்தப் பார்லரில் ஊசி எந்தக் குப்பையில் போனதோ, எந்தத் தூய்மைப் பணியாளர் கையில் குத்தியதோ. புருவம் திருத்தும் இடத்தில் இன்று ரத்தம் எடுக்கிறார்கள், தோல் வெளுக்க குளூட்டாதயோன் என்ற மருந்தை டிரிப்பாக ஏற்றுகிறார்கள். புடவைக்குப் போடுகிற மாதிரி அதற்கும் ஆடித் தள்ளுபடி. நாளைக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குக் காது குத்து இலவசம் என்று போர்டு வைத்தாலும் நீங்கள் வரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். உங்களுக்கு ஆள் பற்றாக்குறை என்பதும் தெரியும்.

அந்த வீடியோவை அவர்கள் இப்போது அழித்துவிட்டார்கள். என்னிடம் பிரதி இருக்கிறது, எப்போது கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன். பணத்தை ஜிபேயில்தான் வாங்கினார்கள். முன்பதிவு வாட்ஸ்அப்பில். மூன்று பேரின் எண்ணும் அந்தப் போனில் இருக்கும். நான் கேட்டால் தரமாட்டார்கள், கேட்டும் பார்த்துவிட்டேன். நீங்கள் கேட்டால் தந்தே ஆக வேண்டும்.

பார்லருக்குச் சீல் வைப்பது, வழக்குப் போடுவது எல்லாம் உங்கள் வசதிப்படி நடக்கட்டும் ஐயா. தயவுசெய்து முதலில் அந்த மூன்று பேருக்கும் போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்