ஒரு ஸ்டிக்கரை நோயாளியிடம் கொடுத்துவிடுங்கள்

தமிழ்நாட்டில் மூட்டு மாற்று அறுவை செய்யும் மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவம் படித்தவன் இல்லை. என் அம்மாவின் முழங்காலுக்கு நேர்ந்ததைச் சொல்லி, பொருத்தும் மூட்டின் விவரம் அச்சான ஸ்டிக்கரை நோயாளியிடமும் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2013இல் அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றினோம். அப்போது அவருக்கு 61 வயது. செய்த மருத்துவர் நன்றாகவே செய்தார், அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வலியில் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தவர், அந்த வருடம் முடிவதற்குள் காய்கறி வாங்க உழவர் சந்தைக்கு நடந்தே போய்வர ஆரம்பித்துவிட்டார். பத்து வருடம் அந்தக் காலைப் பற்றிய பேச்சே வீட்டில் இல்லை.

2024இல் வீக்கம் வந்தது. பிறகு வலி. பழைய மருத்துவர் வெளிநாடு போய்விட்டதால் வேறொருவரிடம் காட்டினோம். அவர் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுப் பொறுமையாக விளக்கினார். தொடை எலும்பின் முனையில் ஓர் உலோகம், கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே வெறும் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இருக்கிறது, எக்ஸ்ரேயில் அது தெரியாது என்றார். உள்பக்கத்தில் இடைவெளி நன்றாகக் குறைந்திருந்தது. பிளாஸ்டிக் தேய்ந்திருக்கிறது.

"உலோகம் ரெண்டும் எலும்போட கெட்டியாத்தான் இருக்கு. நடுவுல இருக்கறதை மட்டும் மாத்துனா போதும். எந்தக் கம்பெனி, என்ன சைஸ்னு பேப்பர் வச்சிருக்கீங்களா?"

இரண்டு வாரம் வீட்டைப் புரட்டினோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை' என்று ஒரே வரி. பில்லில் 'இம்ப்ளான்ட் 1' (உள்ளே பொருத்தும் சாமான் ஒன்று) என்று எழுதி அதற்கு நேரே ஒரு தொகை. பழைய மருத்துவமனைக்குப் போனேன். பதிவேட்டு அறையில் இருந்தவர் நல்ல மனிதர், எனக்காக அரை நாள் தேடினார். அந்த வருடத்துக் கேஸ் ஷீட்டுகளையெல்லாம் எப்போதோ கழித்துவிட்டார்களாம். அவர்கள் விதியை மீறவும் இல்லை. உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறை சொல்கிறது. மூட்டோ 15, 20 வருடம் உழைக்கும் என்று சொல்லித்தான் பொருத்துகிறீர்கள்.

ஒரு கம்பெனியின் பிளாஸ்டிக் இன்னொரு கம்பெனியின் தட்டில் உட்காராது. ஒரே கம்பெனியிலும் மாடல் மாறினால், சைஸ் மாறினால் உட்காராது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் உலோகத்தின் வடிவத்தைப் பார்த்து, இந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அதற்கு மேல் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதற்கும் தயாராக, மூட்டு முழுவதையும் மாற்றுவதற்கான சாமான்களை வரவழைத்து வைத்துக்கொண்டு காலைத் திறந்தார்.

திறந்து, அந்தத் தேய்ந்த பிளாஸ்டிக்கைக் கழற்றித் திருப்பினால் அதன் அடியில் எழுத்து இருந்தது. கம்பெனி, மாடல், சைஸ், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண், எல்லாம். ஆனால் அந்த மாடலின் பிளாஸ்டிக் அந்த நிமிடம் அந்த ஊரிலேயே யாரிடமும் இல்லை. மூடிவிட்டு இன்னொரு நாள் திறந்தால் தொற்று வரும் என்று பயந்து, கெட்டியாகப் பிடித்திருந்த இரண்டு உலோகத்தையும் உளி வைத்துப் பெயர்த்து எடுத்தார்கள். சிமென்ட்டோடு எலும்பும் கொஞ்சம் வந்தது. எலும்புக்குள் நீளமாக இறங்கும் தண்டு வைத்த புது மூட்டைப் பொருத்தினார்கள். வேறு வழி இருந்திருக்காது, அவர் செய்தது சரிதான்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. 11 வருடமாக அந்த எண் அம்மாவின் முழங்காலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வெளியே ஒரு தாளில் இல்லை. அம்மா இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பம்ப் வெளியே போகும்போது அதன் மேல் பெயர்த்தகடு அடித்து அனுப்புவோம். வரிசை எண் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் வார்ப்பு எந்த ஹீட்டில், அதாவது எந்த முறை உருக்கிய உலோகத்தில் ஊற்றியது, பேரிங் எந்த லாட் என்று என்னால் எடுத்துச் சொல்ல முடியும். ஒரு லாட் சீல் சரியில்லை என்று தெரிந்தால் அது யார் யார் கிணற்றில் இறங்கியிருக்கிறது என்று டீலர் மூலமாகத் தேடிப் பிடிப்போம். எங்கள் சாமான் கெட்டால் தோட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். உங்கள் சாமான் ஒரு மனுஷியின் எலும்பில் இருக்கிறது.

அம்மா படுத்திருந்த நாட்களில் இந்த மூட்டுகளின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். உங்களுக்கு ஜான் சார்ன்லியைத் தெரியும். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இன்றைய இடுப்பு மூட்டுக்கு வழிகாட்டியவர். அவர் முதலில் நம்பியது டெஃப்லானை, ஒட்டாத தோசைக்கல்லில் பூசுவார்களே, அந்தப் பிளாஸ்டிக்கை. வழவழப்பானது, உடம்போடு வினை புரியாதது, காகிதத்தில் அதைவிட நல்ல பொருள் இல்லை. ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்தினார். இரண்டு மூன்று வருடத்தில் அது தேய்ந்து, தேய்ந்த துகள் சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்கி, ஒவ்வொருவருக்காக அவரே திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று. 1962இல் ஒரு வியாபாரி தறி இயந்திரங்களின் பல்சக்கரத்துக்குப் பயன்படுகிறது என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹாரி கிரேவன் என்ற டெக்னீஷியன்தான் அதையும் தேய்மான இயந்திரத்தில் ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தார். டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை. அதுதான் பாலிஎத்திலீன். அப்புறமும் சார்ன்லி அவசரப்படவில்லை. இரண்டு பொருளின் துண்டையும் தன் தொடைத் தோலுக்கு அடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பார்த்தார்.

பட்டறைக்காரன் என்பதால் கிரேவனின் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் அதைவிட மனதில் நின்றது, யாருக்கு எதைப் பொருத்தினோம் என்று சார்ன்லிக்குத் தெரிந்திருந்தது என்பதுதான். தெரிந்ததால்தான் தவறு என்று புரிந்ததும் அவர்களைத் திரும்பக் கூப்பிட முடிந்தது.

அந்தப் பாலிஎத்திலீனும் அப்படியே நின்றுவிடவில்லை. காற்றுப்பட வைத்துக் காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கினால் அதற்குள் ஆக்சிஜன் புகுந்து, பெட்டியில் இருக்கும்போதே அது மெல்ல மெல்ல நொறுங்கும் தன்மைக்குப் போகிறது என்று 1990களில் கண்டுபிடித்தார்கள். எப்படி? நோயாளிகளிடமிருந்து கழற்றிய துண்டுகளைச் சேகரித்து, எந்தத் தேதியில் கிருமி நீக்கியது, எத்தனை வருடம் அலமாரியில் கிடந்தது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துத்தான். எண் இல்லாத துண்டை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதன் பிறகுதான் காற்றில்லாத உறையில் அடைப்பதும், கதிர்வீச்சால் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்குவதும், வைட்டமின் இ கலப்பதும் வந்தன. இன்று தேய்மானம் எவ்வளவோ குறைந்திருக்கிறது. அம்மாவின் முதல் மூட்டு இதில் எந்தத் தலைமுறை என்று கேட்டால், பிளாஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்த அன்று வரை பதில் சொல்ல யாரும் இல்லை.

டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு உங்களுக்கு நினைவிருக்கும். உலோகத்தோடு உலோகம் உரசும் வகை. கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன, மூட்டைச் சுற்றித் திசு அழிந்தது. மற்ற மூட்டுகளைவிட இதை அதிகமாகக் கழற்றி மாற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கையோடு காட்டியது, யாருக்கு எந்த மூட்டைப் பொருத்தினார்கள், பிறகு என்ன ஆனது என்று குறித்து வைக்கும் ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு. 2009 டிசம்பரில் அங்கே விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்குப் பொருத்தியிருந்தார்கள். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2018இல் வெளியே வந்தபோது, அவர்களில் ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இழப்பீடு தர ஆள் தேட வேண்டியிருந்தது. வலியோடு எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, தங்கள் இடுப்பில் இருப்பது அந்த மூட்டுதான் என்பதே தெரியாமல் இருந்திருக்கும்.

ஸ்வீடன் முழங்கால் மூட்டுக்குப் பதிவேடு ஆரம்பித்தது 1975இல். ஆஸ்திரேலியா 1999இல். இங்கே உங்கள் சங்கத்தினர் ஒரு பதிவேடு நடத்துகிறார்கள் என்று அறிந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் அது விருப்பப்பட்டவர்கள் விவரம் தருவது. 'இந்த மூட்டு இருபது வருடம் வரும்' என்று எங்களிடம் நீங்கள் சொல்லும் கணக்கு எங்கிருந்து வருகிறது? முழங்கால் மூட்டுகளில் 100க்கு சுமார் 82, 25 வருடம் தாங்குகின்றன என்று 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளை வைத்துச் சொன்னது. அவர்கள் நாற்காலியில் உட்காருபவர்கள். எங்கள் வீட்டில் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறோம், குத்தவைத்துப் பாத்திரம் கழுவுகிறோம், கீழே உட்கார்ந்து பூக் கட்டுகிறோம். வேண்டாம் என்று நீங்கள் சொல்லி அனுப்பினாலும் விசேஷ வீட்டுப் பந்தியில் அம்மா கீழேதான் உட்காருவார். இந்தக் கால்களில் அந்தப் பிளாஸ்டிக் எத்தனை வருடம் வரும் என்பதை இந்தக் கால்களை எண்ணித்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. என் அக்கா மகன் கபடி ஆடுபவன். முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது, போன வருடம் அறுவை செய்தார்கள். எலும்பில் வைத்த திருகு சில வருடங்களில் தானாகக் கரைந்துவிடும் வகை. பாலிலாக்டைட் என்றார்கள். அருமையான விஷயம், கழற்ற இன்னோர் அறுவை வேண்டாம். ஆனால் அது எக்ஸ்ரேயில் தெரியாது, சில வருடத்தில் இருக்கவும் இருக்காது. நாளைக்கு அந்த இடத்தில் எலும்பு குழிந்தால், என்ன வைத்தார்கள் என்பதற்குத் தாள் ஒன்றுதான் சாட்சி. மெக்னீசியம் திருகு வந்துவிட்டது, முப்பரிமாண அச்சில் எலும்புக்கேற்ப வார்த்த டைட்டானியம் வந்துவிட்டது. பொருள் புதிதாகப் புதிதாக, அதைப் பற்றிய நினைவு இன்னும் கவனமாக வேண்டும். பெரிதாக நம்பிய பொருளும் தவறலாம். இதயக் குழாயின் அடைப்பைத் திறந்து வைத்து, பிறகு தானாகக் கரையும் அப்சார்ப் என்ற வலையமைப்புக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலோக ஸ்டென்ட்டைவிட ரத்தக் கட்டு அதிகம் வருகிறது என்று தெரிந்து 2017 செப்டம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். பொருத்தியவர்களை விடாமல் கவனித்து வந்ததால்தான் அது தெரிந்தது.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன்.

மூட்டு வரும் பெட்டிக்குள் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அம்மாவின் இரண்டாவது அறுவைக்குப் பிறகு தியேட்டர் நர்ஸ் எனக்குக் காட்டினார். கம்பெனி பெயர், பொருளின் எண், லாட் எண், சைஸ், என்ன பொருள் என்பது உட்பட எல்லாம் அதில் அச்சாகி இருக்கிறது. ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறீர்கள், ஒன்றைத் தியேட்டர் ரெஜிஸ்டரில். மீதியில் ஒரு தொகுதியை ஓர் அட்டையில் ஒட்டி, எந்தக் கால், எந்தத் தேதி, யார் செய்தது என்று தமிழில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்துவிடுங்கள். அது என்ன அட்டை, ஏன் தொலைக்கக் கூடாது என்று வீட்டில் ஒருவரிடமாவது வாயால் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அட்டையோடுதான் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தபோது, வைத்த லென்ஸின் எண்ணை ஒட்டி ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். கண்ணுக்குள் வைத்த சின்னத் துணுக்குக்கு இருந்த அத்தாட்சி, முழங்காலுக்கு இல்லை.

புதிதாகச் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2017இல் முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தபோதே, கம்பெனி பெயரும் லாட் எண்ணும் பில்லில் தனியாக எழுத வேண்டும் என்று மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் 2021 முதல் நடைமுறையில் இருக்கும் விதியில் இம்ப்ளான்ட் அட்டை கட்டாயம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன அதே 2002 விதிமுறையில் இருக்கிறது. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. மயக்கம் தெளிந்து, வலி தாங்காமல், ஆஸ்பத்திரிக் கணக்கை எப்படி அடைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பம் லாட் எண்ணைக் கேட்காது. நீங்களாகத்தான் கொடுக்க வேண்டும்.

முடிந்தால், உங்கள் சங்கத்தின் பதிவேட்டிலும் ஒவ்வொரு மூட்டையும் ஏற்றுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் மாற்றிய மூட்டும், தனியாரில் சொந்தக் காசில் மாற்றிய மூட்டும் ஒரே இடத்தில் பதிவாகட்டும். இதற்கு நேரம் ஆகும், ஆள் வேண்டும், எனக்குத் தெரியும். அட்டைக்கு அதுவும் வேண்டாம். நாளைக் காலை முதல் கேஸிலேயே ஆரம்பிக்கலாம்.

அந்த நர்ஸ் எனக்கு ஒரு தொகுதி ஸ்டிக்கர் தந்தார். கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டி, லேமினேஷன் செய்து அம்மாவிடம் கொடுத்தேன். ஆதார் அட்டையோடு சேர்த்துச் சுருக்குப் பையில் வைத்திருக்கிறார். கால் எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் முதலில் அதை எடுத்து நீட்டுகிறார்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு நோயாளியின் மகன்