சாயங்காலத்தில் ஒரு மனநல ஆலோசகர் வேண்டும்: வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2020 மே, ஜூன் மாதங்களில் ராயபுரம் மண்டலம் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகரத்திலேயே தொற்று இங்கேதான் அதிகம் என்று தினமும் டிவியில் வாசித்தார்கள். தெருமுனையில் தகரம் அடித்தார்கள். அந்தத் தகரத்தைக் கழற்றிப் பல வருஷம் ஆகியும் வீட்டை விட்டு வெளியே வராதவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். லோடு ஏற்றி இறக்கும் வேலை. வேலை முடிந்தால் நேரே கேரம் கிளப்புக்குத்தான் போவார். ஊரடங்கில் கிளப்பைப் பூட்டினார்கள். அந்த ஜூனில் அவருடைய அம்மா கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். முகம் பார்க்க விடவில்லை, காரியத்துக்கும் ஆள் வரவில்லை. கிளப் மறுபடி திறந்தபோது அண்ணன் போகவில்லை. கூப்பிட வரும் சிநேகிதர்களிடம், "அப்பா தூங்குறாரு" என்று பையனைச் சொல்லச் சொல்வார். ராத்திரி இரண்டு மணிக்கு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் அக்காவும் நானும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள். தூக்கமே இல்லை, யாரோடும் பேசுவதில்லை என்று அக்கா சொன்னதும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கீழ்ப்பாக்கம் போயிடுங்க" என்றார்கள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். 1794-ல் தொடங்கிய அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தெருச்சண்டையில் இங்கே அந்தப் பேரைச் சொல்லித்தான் வைவார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் ஒரு மனுஷனிடம் அப்படிச் சொல்லலாமா?

அதனால் கேட்கிறேன். வடசென்னையின் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு நாளாவது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஒரு மனநல ஆலோசகர் தவறாமல் இருக்க வேண்டும். பகலில் வந்தால் அன்றைய கூலி போய்விடும். போனில் மனநல ஆலோசனை தரும் அரசின் 14416 எண் இருக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, குடும்பத் தலைவர் போனில் எதைச் சொல்லி அழுவார்?

தொற்றின் முதல் ஆண்டிலேயே மனச்சோர்வும் பதற்றமும் உலகம் முழுக்க 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. அரசின் மனநல சிகிச்சை எல்லோருக்கும் உரிமை என்கிறது 2017-ஆம் வருஷச் சட்டம். மாணவர்களைப் பற்றிப் பேசுகிறோம், முதியோரைப் பற்றிப் பேசுகிறோம். வேலையும் போய், கந்துவட்டிக்கு வாங்கி, அந்த இரண்டு தலைமுறைக்கும் சோறு போட்ட நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களை யார் விசாரித்தார்கள்? எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் எங்களுக்கு. கொடுங்கையூர்க் குப்பை எங்களுக்கு. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கழிவும் எங்கள் ஆற்றில்தான் கலந்தது. ஒரு ஆலோசகர் வருவதற்கு மட்டும் இத்தனை வருஷமா?

மரியாதையோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒரு சாயங்காலம், ஒரு ஆலோசகர். கிழமையையும் நேரத்தையும் நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். சீட்டு கொடுக்கும் இடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி எதுவும் கேட்காமல் உள்ளே அனுப்பச் சொல்லுங்கள். அண்ணனைப் பேசிச் சம்மதிக்க வைத்துக் கூட்டிவருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஒரு பெண்